ஈரலுக்கு ஒரு கையெழுத்து

ராஜ்குமாருக்குக் கேள்வி கேட்பது ஒரு வியாதி. ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன், வருகிற காகிதத்தை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா கிடப்பதுதானே முறை? இவனால் முடியாது. பட்டாவோடு வருகிறவனிடம் எல்லைக் கல் எந்தப் பக்கம் என்பான். சாதிச் சான்றிதழோடு வருகிறவனிடம் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊர் என்பான். கேஸ் புத்தகத்தோடு வந்த ஒரு டீச்சரம்மாவிடம், சிலிண்டருக்குள்ளே இருப்பது தண்ணியா காத்தா என்று கேட்டு, பதில் தெரியாத அந்தம்மா ஒரு மாசம் வேறு கடைக்குப் போனது மலை முழுக்கத் தெரிந்த கதை.

அப்படிப்பட்டவன் வாயை ஒரு மத்தியானம் அவன் பெண்டாட்டி அடைத்துவிட்டாள். சாமைச் சோற்றில் கீரைக் குழம்பை ஊற்றிக்கொண்டே அன்பரசி சொன்னாள்:

"அண்ணனுக்கு என் ஈரல்ல பாதி குடுக்கப் போறேன் மாமா. புருசன் கையெழுத்து வேணுமாம். வந்து போட்டுக் குடு."

ரேஷன் கார்டில் பேர் சேர்க்கிற விஷயம் மாதிரி சொன்னாள். "இன்னாது?" என்றான் ராஜ்குமார். அதற்கு மேல் அவனுக்குக் கேள்வி எழும்பவில்லை.

அண்ணன் என்றால் சந்திரன். வயசு நாற்பத்தொன்று. ஜமுனாமரத்தூரிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, செல்போன் டவர் எட்டாத ஒரு பள்ளத்து ஊரில் சாமையும் புளியும் பார்த்துப் பிழைக்கிறவன். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன். அவனுக்குத்தான் ஈரல் சுருங்கிப்போயிற்று. உடம்பே தன் ஈரலை யாரோ அந்நியன் என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தீர்க்கிற வியாதியாம். ஊரில் எவன் நம்புகிறான்? 'குடிக்காமலா ஈரல் போவும்' என்று குடிக்கிறவனே வந்து விசாரித்துவிட்டுப் போனான். சந்திரனுக்குக் கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து, மாசத்துக்கு இரண்டு தரம் சென்னைக்குப் போய் நீரை எடுத்துவிட்டு வர வேண்டியதாயிற்று. வேறு ஈரல் வைத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் ஆறு மாசம் தாங்குவதே கஷ்டம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அவன் பெண்டாட்டி பாஞ்சாலைக்கு ரத்த வகை சேரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயசு. மிச்சம் இருந்தது கூடப் பிறந்த அன்பரசி. போன தடவை துணைக்குப் போனவள், யாரிடமும் சொல்லாமல் தன் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பொருந்திவிட்டது.

ராஜ்குமாருக்கு மச்சான் மேல் பிரியம் உண்டு. ஆனால் பெண்டாட்டி வயிற்றைக் கிழித்துத்தானா மச்சானைக் காப்பாற்ற வேண்டும்? அவனுக்குப் பயமாக இருந்தது. பயம் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்தான்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஜெயசுதா என்றொரு பெண் இருந்தாள். உறுப்பு மாற்றுகிற வேலைக்கெல்லாம் அவள்தான் ஒருங்கிணைப்பாளர். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே நின்று, தமிழ் புரியாத டாக்டருக்கு இங்கிலீஷும், டாக்டர் பேசுவது புரியாத ஜனங்களுக்குத் தமிழும் பேசுகிறவள். பொறுமைசாலி. ராஜ்குமாரைத் தாங்க அந்தப் பொறுமை தேவைப்பட்டது.

"மேடம், ஈரல் ரெண்டு வழியில வருதுன்னு சொல்றாங்க. செத்தவங்க குடுக்கறது ஒண்ணு, உயிரோட இருக்கறவங்க குடுக்கறது ஒண்ணு. ரெண்டுல எதுங்க ஒசத்தி?"

"அப்படி ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுங்க" என்று ஜெயசுதா ஒரு காகிதத்தில் படம் வரைந்தாள். "மூளைச்சாவு ஆனவங்க குடும்பம் சம்மதிச்சுக் குடுக்கறது முழு ஈரல். பித்தக் குழாய் பெருசா இருக்கும், சேத்துத் தைக்கறதுக்கு லேசு. ஆனா எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வர்ற ஈரல் எப்படி இருக்கும்னும் முன்னாடியே சொல்ல முடியாது. உயிரோட இருக்கறவங்க குடுத்தா பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும். குழாயெல்லாம் சின்னது. பித்தம் கசியறது, அடைச்சுக்கறது இந்த மாதிரித் தொந்தரவு இதுல கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா நல்லா பரிசோதிச்ச ஈரல், ஐஸ்ல ரொம்ப நேரம் கிடக்காது. நோயாளி தெம்பா இருக்கும்போதே நாள் குறிச்சுப் பண்ணலாம்."

"பாதியை வெட்டிக் குடுத்துட்டா இவளுக்கு மிச்சம்?"

"வளந்துடுங்க. ஈரல் ஒண்ணுதான் உடம்புல அப்படி. ரெண்டு மூணு மாசத்துல கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துடும். குடுத்தவங்களுக்கும், வாங்கினவங்களுக்கும்."

இது ராஜ்குமாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பல்லி வால் முளைக்கிறது தெரியும், ஈரல் முளைக்கும் என்று இத்தனை வயசுக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே. எந்தப் பக்கமாக வளரும், வளரும்போது வலிக்குமா, வளர்ந்தது போதும் என்று அதற்கு யார் சொல்வார்கள் என்று வரிசையாகக் கேட்டான். கடைசிக் கேள்விக்கு, "அது எங்களுக்கே முழுசாத் தெரியாதுங்க" என்று ஜெயசுதா சிரித்தாள். பிறகுதான் அவன் வந்த காரியத்துக்கு வந்தான்.

"இவ உயிருக்கு ஏதாவது..."

"பெரிய ஆபரேஷன்தாங்க, பொய் சொல்ல மாட்டேன். பத்துல ரெண்டு பேருக்கு ஏதாவது தொந்தரவு வரலாம், பெரும்பாலும் சரியாப் போயிடும். உயிருக்கே ஆபத்துங்கறது ஐந்நூறு பேர்ல ஒருத்தருக்குன்னு சொல்லலாம்."

"சரிங்க. வாங்கிக்கறவரு? ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா எந்த வழியில வாங்கினவங்க நல்லா இருக்காங்க?"

"எங்க ஆஸ்பத்திரியில ரெண்டு வழியிலயும் நூத்துக்குத் தொண்ணூறு பேரு கிட்ட நல்லா இருக்காங்க. பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா நீங்க இன்னொண்ணும் பாக்கணும்..."

ராஜ்குமார் எழுந்துவிட்டான். இரண்டும் ஒன்று! அப்புறம் எதற்குப் பெண்டாட்டியை அறுக்க வேண்டும்? முகமெல்லாம் பல்லாக, "ரொம்ப நன்றிங்க மேடம், மச்சான் பேரை அந்த வரிசையில எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டான். கேள்வி கேட்கத் தெரிந்த அளவுக்கு அவனுக்குப் பதில் முடியும்வரை உட்காரத் தெரியவில்லை.

பேர் எழுதும்போது ஜெயசுதா இரண்டு போன் நம்பர் கேட்டாள். ஈரல் வந்தால் உடனே கூப்பிடுவார்கள், எந்த நேரமானாலும் எடுக்க வேண்டும், ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று. ராஜ்குமார் யோசிக்கவே இல்லை. சந்திரன் ஊரில் டவர் கிடையாது. மலையில் பாதிப் பேருக்கு ஆதார் ஓடிபி, பேங்க் ஓடிபி, கேஸ் ஓடிபி எல்லாம் ராஜ்குமார் போனுக்குத்தான் வரும். 'ஜெராக்ஸ் கடை நம்பரைக் குடு' என்பது அங்கே ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அவன் போனில் இரண்டு சிம். இரண்டு நம்பரையும் பெருமையாகச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள். இரண்டும் ஒரே சட்டைப்பையில் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சந்திரனுக்குச் செய்தி தேன் மாதிரி இனித்தது. அவன் ஆரம்பத்திலிருந்தே தங்கச்சி ஈரல் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தவன். அவர்கள் ஜனத்தில் சாமை அறுத்ததும் முதல் மூட்டை தங்கச்சி வீட்டுக்குப் போகும். அவள் வீட்டிலிருந்து அண்ணன் ஒரு பிடி உப்புகூட வாங்க மாட்டான். கொடுக்கிற கை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "கூடப் பொறந்தவளைக் கட்டிக் குடுத்து அனுப்பிட்டு, அவ வயித்தை அறுத்து எடுத்துக்கினேன்னு நாளைக்கு ஊர்ல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நடப்பேன்? நீ பண்ணதுதான் சரி மாப்ள" என்றான்.

இரண்டு ஆண்களும் ஒருத்தரை ஒருத்தர் மெச்சிக்கொண்டிருந்ததை அன்பரசி கேட்டுக்கொண்டே நின்றாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்.

"எங்கியோ ஒரு புள்ள வண்டியில அடிபட்டு உழுந்தாத்தான் எங்கண்ணனுக்கு ஈரல். அதுக்காவ ரெண்டு பேரும் காத்துக்கினு கெடக்கறீங்க."

அது ராஜ்குமாரை முள்ளாகக் குத்திற்று. அப்படிப் பார்த்தால் யாருமே அந்த ஈரலை வாங்கக் கூடாதே? வாங்கினவர்கள் எப்படி இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தோன்றுமா? பெண்டாட்டிக்குப் பதில் சொல்வதற்காக, அப்படி ஓர் ஆளை நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினான். ஜெயசுதாவிடமே கேட்டு ஓர் ஆளைப் பிடித்தான். ஆலங்காயத்தில் தையல் கடை வைத்திருக்கிற கண்ணாயிரம். செத்தவர் ஒருத்தருடைய ஈரலை நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கினவர்.

பேர் எழுதி ஏழு வாரம் ஆகியிருந்தது. ஒரு புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கி ஆலங்காயம் போனான். கண்ணாயிரத்துக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தார். மிஷின் பக்கத்தில் நூல் டப்பாவும் மாத்திரை டப்பாவும் இருந்தன. விஷயத்தைச் சொன்னதும் கடைக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

"பாரு தம்பி. உயிரைக் குடுத்தாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா தையல் நேரா இல்ல பாரு. இந்த மூலையில ஒரு சுருக்கு உழுந்துக்குது. என்கிட்ட வேலைக்கு இருந்தா பிரிச்சுத் தைன்னு சொல்லியிருப்பேன்."

ராஜ்குமார் சிரித்தான். அந்த மனுஷன் கறி தின்கிறார், படி ஏறுகிறார், பேரப்பிள்ளையைத் தூக்குகிறார். ஈரல் கொடுத்தது யார் என்று கேட்டதற்கு மட்டும் குரல் இறங்கிற்று. இருபத்திரண்டு வயசுப் பையன் என்று மட்டும் தெரியுமாம். பேர் சொல்ல மாட்டார்களாம். "காலையில மாத்திரை போடறப்பல்லாம் அந்தப் பையனைப் பெத்தவளை நெனைச்சுக்குவேன். நான் அவனைச் சாவுன்னு வேண்டிக்கல தம்பி. எப்பிடியும் போய்ட்டவன். அவ மனசு வெச்சா, நான் இருக்கறேன்" என்றார். அன்பரசிக்குச் சொல்ல இதைவிட நல்ல பதில் கிடைக்காது என்று ராஜ்குமார் மனசில் குறித்துக்கொண்டான். அத்தோடு கிளம்பியிருந்தால் அவன் ராஜ்குமாரே இல்லை.

"உங்க கூட வரிசையில இருந்தவங்கள்லாம் எப்பிடி இருக்காங்க?"

கண்ணாயிரம் போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பைக் காட்டினார். அந்தச் சமயத்தில் ஈரலுக்காகக் காத்திருந்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. ஒன்பது பேர். விரலை வைத்துத் தள்ளிக்கொண்டே போனார். "இவரு நல்லா இருக்காரு. இந்தம்மா நல்லா இருக்குது. இவரு ராணிப்பேட்டை, போன் வர்றதுக்குள்ள போய்ட்டாரு. இந்தப் பொண்ணும் போய்ட்டுது. இவரு வரிசையில மூணாவதா இருந்தாரு, ரத்த வாந்தி எடுத்துப் போய்ட்டாரு."

"ஒம்போதுல மூணா? ஆஸ்பத்திரியில நூத்துக்குத் தொண்ணூறு நல்லா இருக்கறாங்கன்னு சொன்னாங்களே."

"அது ஆபரேஷன் டேபிள் ஏறினவங்க கணக்கு தம்பி. இவங்க ஏறவே இல்லியே."

மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறுகிற பஸ்ஸில் ராஜ்குமாருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலை ஏறத் தொடங்கியதும் போனில் டவர் போயிற்று. அது வழக்கம்தான், ஒரு மணி நேரத்தில் ஜமுனாமரத்தூரில் வந்துவிடும். அன்றைக்கு என்னவென்றால், ஒரு கொண்டை ஊசி வளைவில் புளி மூட்டை ஏற்றின லாரி அச்சு முறிந்து குறுக்கே படுத்துவிட்டது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. ஜனங்கள் இறங்கி நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். லாரிக்காரன் மேல் பழியைப் போட்டு இரண்டு பேர் சண்டைக்குப் போனார்கள். ராஜ்குமார் ஒரு பாறையில் உட்கார்ந்து, டேபிள் ஏறாதவர்களையே நினைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தன் ஊர்க் காளியம்மன் கோயில் மண்சட்டி நினைவுக்கு வந்தது. குடகுக்கு மிளகு பறிக்க, காப்பி பறிக்க என்று கூட்டமாக மலையிறங்குகிறவர்கள், போகிற அன்றைக்கு ஆளுக்கொரு புளியங்கொட்டையை அந்தச் சட்டியில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். திரும்பி வந்ததும் ஆளுக்கொரு கொட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வயசில் அவனும் ஒரு தரம் போய் வந்தான். லாரியிலிருந்து இறங்கினதும் மேளம், ஆட்டுக்கறி, எல்லோரும் நல்லபடி வந்தாச்சு என்று ஒரே கும்மாளம். ஊர்க்கவுண்டர் மட்டும் சிரிக்காமல் சட்டியைக் கொண்டுவந்து எல்லோரையும் எடுக்கச் சொன்னார். எடுத்து முடித்த பிறகு சட்டியைக் கவிழ்த்தார். ஒரு கொட்டை விழுந்தது. அது அர்ச்சுனனுடையது. வேறொரு தோட்டத்துக்குப் பிரித்து அனுப்பப்பட்டவன், காய்ச்சலில் செத்து அங்கேயே புதைக்கப்பட்டிருந்தான். ஆள் கூட்டிப்போன கங்காணி சொல்லவில்லை. கூட வந்தவர்கள், அவன் அடுத்த லாரியில் வருகிறான் என்று நினைத்துக் கறி தின்றுகொண்டிருந்தார்கள். வந்தவனை எண்ணாதே, போனவனை எண்ணு என்று கவுண்டர் அன்றைக்குத் திட்டின திட்டு இவனுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இதைத் தெரிந்தவன்தானே நான், ஆஸ்பத்திரிக்குப் போய், வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு எழுந்து வந்தேன் என்று ராஜ்குமாருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. செத்தவர் ஈரல், உயிரோடு இருப்பவர் ஈரல் என்று ஒப்பிட வேண்டுமென்றால் டேபிளிலிருந்து எண்ணக் கூடாது. பேர் எழுதின நாளிலிருந்து எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டும் ஒன்றா? தங்கச்சி ஈரலுக்கு வரிசையே கிடையாதே. பின்னே அந்தப் பக்கமும் ஒழுங்காக எண்ண வேண்டுமே என்று மனசு அடுத்த கேள்வியைப் போட்டது. அந்த வழியில் மலையிறங்குகிறது ஒருத்தர் இல்லை, இரண்டு பேர். அண்ணனுக்கு ஒரு கொட்டை, தங்கச்சிக்கு ஒரு கொட்டை.

லாரியை நகர்த்தி, பஸ் ஜமுனாமரத்தூர் சேரும்போது மணி நாலு தாண்டிவிட்டது. இறங்கின உடனே சட்டைப்பையில் போன் துடிக்க ஆரம்பித்தது. பதினோரு தவறிய அழைப்புகள். முதல் சிம்மில் ஆறு, இரண்டாவதில் ஐந்து. எல்லாம் ஒரே நம்பர்.

அவன் கூப்பிட்டான். ஜெயசுதா எடுத்தாள்.

"எங்கங்க போயிட்டீங்க? ஒரு மணியில இருந்து கூப்பிட்டோம். சந்திரனுக்குப் பொருந்தற ஈரல் வந்துச்சுங்க. ரெண்டு நம்பரும் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வருது. மூணு மணி வரைக்கும் பாத்தோம். அதுக்கு மேல வெக்க முடியாதுங்க, ஈரல் கெட்டுடும். அடுத்தவரைக் கூப்பிட்டுட்டோம்."

பஸ் ஸ்டாண்டில் வாரச்சந்தைக் கூட்டம். யாரோ ஒரு பெண் தேன் வேணுமா என்று புட்டியை இவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். ராஜ்குமார் அதைக் கையால் விலக்கினான்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். வரிசையில நின்னு, கெடைக்காமலே போனவங்க எத்தினி பேரு?"

"போன வருசம் எங்க லிஸ்ட்ல நாலுல ஒருத்தருங்க. அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டே எழுந்துட்டீங்க."

போனை வைத்துவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தான். ஐந்து நிமிஷத்து வழி. அந்த ஐந்து நிமிஷத்தில் அவன் புத்தி பண்ணின அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சம் இல்லை. கூப்பிட்டது இவனுக்கும் ஜெயசுதாவுக்கும் மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் என்ன? கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டால், மனசு மாறிவிட்டான், நல்லவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வந்த ஈரலைக் கோட்டைவிட்டவன் என்கிற பேர் வேண்டாமே. அவன் வீட்டு வாசல்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தான். உள்ளே அன்பரசி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் பூஜா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அன்பரசி நிமிர்ந்து, "இன்னா மாமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றாள். அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆலங்காயம், லாரி, இரண்டு சிம், பதினோரு அழைப்பு, ஒன்றையும் மறைக்கவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்றும் நினைத்தான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த ஈரல் இன்னா ஆச்சு? யாருக்காவது வெச்சாங்களா, வீணாப் போச்சா?"

"அடுத்தவருக்குப் போச்சாம்."

"போவட்டும். அவங்களாவது பொழைக்கட்டும்" என்றாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ராஜ்குமாருக்கும் அழுகை வந்தது. பூஜா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவளும் ஒரு பாட்டம் அழுது வைத்தாள்.

மறுநாள் காலை சந்திரன் வீட்டுக்குப் போனார்கள். நேற்றைக்கு வந்து போன ஈரலைப் பற்றி ராஜ்குமாரே வாயைத் திறந்து சொன்னான். பாஞ்சாலை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சந்திரன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். வயிறு மறுபடி வீங்கியிருந்தது. "என் தலையெழுத்து மாப்ள, நீ இன்னா பண்ணுவ. மறுபடி வரும்" என்றான்.

"வராது மச்சான்" என்றான் ராஜ்குமார். "வரலாம், ஆனா பஸ்சு போற ஊருக்காரங்களுக்கு வரும். ஆறு மணி நேரத்துல போய்ச் சேர்றவங்களுக்கு வரும். நம்ம ஊருக்குப் போனே வரலியே. இதை எல்லாம் எந்தக் கணக்குலயும் எழுத மாட்டாங்க. அன்பரசியே குடுக்கட்டும்."

"தங்கச்சிகிட்ட வாங்க மாட்டேன்னு சொன்னேனா இல்லியா?"

அன்பரசிக்குக் கோபம் வந்துவிட்டது. "வருசா வருசம் மொத மூட்டை சாமைய எனக்குத் தூக்கிக் குடுக்கறியே, அத்தோட உன் நெலம் இன்னா மொட்டையாவா போச்சு? மறுவருசம் வெளையலியா? ஈரலும் வெளையும்ண்ணா. மூணு மாசத்துல எனக்கு வளந்துடும். நீ போய்ட்டா மட்டுந்தான் எனக்கு மொளைக்காது."

சந்திரன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பாஞ்சாலை எழுந்து வந்து, அவன் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள். "வெக்கமா கீதுன்னா சாவறியா? உன் வெக்கத்தை வெச்சு நான் ரெண்டு புள்ளைங்களுக்குச் சோறு போடவா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. சந்திரன் சரி என்று தலையை அசைத்தான்.

அதற்கு அப்புறம் ஸ்கேன், மறுபடி ரத்தம், மனநல டாக்டர் என்று அன்பரசியை இரண்டு வாரம் புரட்டிப் பார்த்தார்கள். ராஜ்குமார் எல்லா இடத்துக்கும் கூடப் போனான். அவனுடைய பழைய வியாதி திரும்பிவிட்டது. எவ்வளவு வெட்டுவீர்கள், எவ்வளவு மிச்சம் வைப்பீர்கள், நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்துவீர்களா என்று டாக்டரையே குடைந்தான். மிச்சம் போதாது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவோம், குடுக்கிறவர்தான் எங்களுக்கு முதல் நோயாளி என்று டாக்டர் சொன்னது அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு பதிலையும் முடிகிறவரை உட்கார்ந்து கேட்டான்.

கடைசியாக அனுமதிக் குழு. நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், ஓரத்தில் ஒரு கேமரா. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ ஈரலை வாங்கவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக எல்லோரையும் விசாரித்துப் படம் பிடித்துக்கொள்வார்களாம். அன்பரசியை நிறையக் கேட்டார்கள். அவள் எல்லாவற்றுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னாள். பிறகு நடுவில் இருந்த நரைத்த தலைக்காரர் ராஜ்குமார் பக்கம் திரும்பினார். ஊரையெல்லாம் கேள்வி கேட்டவனை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை.

"உங்க மனைவி உயிருக்கே ஆபத்து வர வாய்ப்பிருக்கு. எவ்வளவுன்னு சொல்லியிருக்காங்களா?"

"சொன்னாங்க சார். ஐந்நூறு பேர்ல ஒருத்தருக்கு."

"அது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

ராஜ்குமார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்பரசியைப் பார்த்தான். அவள் நேரே கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மொதல்ல கேக்கறப்ப சின்னதாத்தான் சார் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, ஐந்நூறு பேரு ஆஸ்பத்திரிக்கு இருக்கறாங்க. எனக்கு இவ ஒருத்திதான் சார்."

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் எழுதுவதை நிறுத்தினார். நரைத்த தலைக்காரர் முன்னால் குனிந்து, "அப்ப உங்களுக்குச் சம்மதம் இல்லைன்னு எடுத்துக்கலாமா? தயங்காம சொல்லுங்க. இங்கேயே நிறுத்திடலாம்" என்றார்.

"யார் சார் அப்பிடிச் சொன்னது?" என்றான் ராஜ்குமார். "அவளுக்கும் அண்ணன் ஒருத்தன்தானே சார்."

அவர் காகிதத்தை இவன் பக்கம் நகர்த்தினார். எங்கே போட வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. பெருக்கல் குறி போட்டிருந்த மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.